துளியக்காவின் இருநூற்றுப் பதினேழாவது சாவு

அந்த வியாழக்கிழமை காலை வரைக்கும் துளியக்கா இருநூற்றுப் பதினாறு தடவை செத்திருந்தாள். எண்ணி வைத்தவள் அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூட மைதானம், சந்தை வாசல், பேருந்து நிலையம், நூலகத்துப் படிக்கட்டு என்று கண்ட கண்ட இடத்தில் விழுந்து செத்திருக்கிறாள். ஒருமுறை கல்யாண மண்டபம் ஒன்றிலும் செத்தாள். நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்கிற ஏஜென்ட் முகவரியை மாற்றிக் கொடுத்துவிட்டார். பெண் வீட்டார் இது மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஏற்பாடு என்று நினைத்தார்கள். ஆகமொத்தம் இரண்டு பக்கமும் பலமாகக் கைதட்டினார்கள்.

பயந்துவிடாதீர்கள், விவரமாகச் சொல்கிறேன். தண்ணீரை வீணாக்காதே என்று ஊருக்குப் புத்தி சொல்ல, குடிநீர் அலுவலகம் ஒரு பொம்மை உடுப்பு வைத்திருக்கிறது. ஆளுயரத்துக்கு ஒரு நீலத் தண்ணீர்த் துளி. உள்ளே ஸ்பாஞ்சு, வெளியே வழவழத் துணி, உச்சியில் கூர்முனை, கீழே குண்டு வயிறு, இரண்டு வெள்ளைக் கையுறைகள். முகத்தில் தட்டு அகலத்துக்கு இரண்டு கண்கள் உண்டு. அவை சும்மா ஒப்புக்கு வரைந்தவை. உள்ளே இருக்கிற ஆள் பார்க்க வேண்டுமானால் துளியின் சிரித்த வாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அந்த வாயில் கறுப்பு வலை ஒன்று தைத்திருக்கிறது. துளியக்காவின் உயரத்துக்கு அது தாடைக்கு நேராக வரும். கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் எதிரில் நிற்பவரின் இடுப்பும் காலும் தெரியும். அவ்வளவுதான். ஐந்து வருஷமாக அவள் மனிதர்களைச் செருப்பால்தான் அடையாளம் கண்டுவந்தாள். அடிப்பதற்கில்லை, அடையாளத்துக்கு.

இந்த வேலை அவளுக்குக் கிடைத்ததும் ஒரு கூத்து. அதற்கு முன்னால் அதே அலுவலகத்தில் தரை கூட்டிக்கொண்டிருந்தாள். அப்போது துளிக்குள் இருந்தவன் ஒரு வெயில் நாளில் நிஜமாகவே மயங்கி விழுந்துவிட்டான். நாடகம் என்று நினைத்துக் கூட்டம் கால்மணி நேரம் கைதட்டியது. உள்ளே இருந்தவனை உருவி எடுத்துத் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, "இனிமே நான் மனுஷனாவே இருந்துக்கறேன், ஆளை விடுங்க" என்று கும்பிட்டுவிட்டு அவன் ஓடியே போனான். மறுநாள் நிகழ்ச்சி இருக்கிறது. ஏஜென்ட் கையைப் பிசைந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். துடைப்பமும் கையுமாக ஐந்தடி உயரத்தில் ஒருத்தி நின்றிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு வெயில் ஒத்துக்குமா?"

"எங்களுக்கு ஒத்துக்காதது எது சார்? கேட்டுட்டா எல்லாம் வருது?"

அன்றிலிருந்து அவள் துளி. சொந்தப் பேர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது. புருஷன்கூட வீட்டில், "துளி, சாப்பாடு போடு" என்றுதான் கூப்பிடுகிறார். லோடு வண்டி ஓட்டுகிறவர், பேச்சில் சிக்கனம்.

துளி பேசக் கூடாது. இதுதான் ஏஜென்ட் போட்ட முதல் சட்டம். தண்ணீர் பேசினால் குழந்தைகள் மிரண்டுவிடுமாம். சிரித்த முகத்தோடு தண்ணீருக்குக் கையும் காலும் முளைத்து நடந்து வருவதில் மிரட்சி இல்லையாம், பேசினால்தான் மிரட்சியாம். போகட்டும். சட்டம் சட்டம்தானே. தும்மல் வந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் ஸ்பாஞ்சுக்குள் கை மூக்குவரை எட்டாது. ஐந்து வருஷத்தில் துளியக்கா தும்மலைப் பல்லைக் கடித்தே விழுங்கக் கற்றுக்கொண்டாள்.

துளிக்கும் சேர்த்துப் பேசுவதற்கு நாத்தனார் இருந்தாள். புருஷனின் தங்கை. கல்யாணமாகவில்லை, அதைப் பற்றிக் கேட்டவர்கள் யாரும் இரண்டாவது தடவை கேட்டதும் இல்லை. அவள் பேர் மைக். கையில் ஒலிபெருக்கி இருந்தால் ஊருக்கே கேட்கும், இல்லாவிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். துளியைக் கைப்பிடித்து நடத்துவது, குழிமேடு சொல்வது, கதையை விளக்குவது, செத்த துளியைத் தூக்கி நிறுத்துவது எல்லாம் அவள் வேலை. தூக்கித்தான் நிறுத்த வேண்டும். அந்தக் குண்டு வயிற்றோடு படுத்தால் துளியால் தானாக எழுந்திருக்க முடியாது. வீட்டில் இருவரும் பாத்திரம் உருள உருளச் சண்டை போடுவார்கள். வெளியே வந்தால் ஒருத்தி கண், ஒருத்தி கால்.

நாடகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ ஒரு தடியன் குழாயை மூடாமல் போகிறான். துளி சொட்டி விழுகிறது, உருள்கிறது, நெஞ்சில் கைவைத்து அழுகிறது, சாகிறது. குழந்தைகள் எல்லாரும் எழுந்து, "குழாயை மூடுவோம்!" என்று மூன்று தடவை சத்தியம் செய்ய வேண்டும். சிறப்பு விருந்தினரும் சத்தியம் செய்ய வேண்டும். அவர் வாயைத் திறந்தால்தான் துளிக்கு உயிர் வரும். உயிர் வந்த துளி அவர் கையைப் பிடித்துப் புதுக் குழாய்க்குக் கூட்டிப்போகும், அவர் திறப்பார், படம் எடுப்பார்கள், முடிந்தது. துளியக்கா சாவதில் கெட்டிக்காரி. ஒரு கை மட்டும் கடைசியாக ஒருமுறை எழுந்து குழாயை மூடுவது மாதிரி காற்றைத் திருகிவிட்டுப் பொத்தென்று விழும். வாத்தியார்களே மூக்கை உறிஞ்சியிருக்கிறார்கள்.

இப்படி ஊரெல்லாம் போய்க் குழாயை மூடு, குழாயை மூடு என்று கையாலேயே கதறிவிட்டு வீட்டுக்கு வருகிறாளே, அவள் வீட்டில் மூடுவதற்குக் குழாய் கிடையாது. அவள் வீட்டில் மட்டுமா? அந்தச் சந்தில் இருக்கிற முப்பத்தெட்டு வீட்டிலும் கிடையாது.

அந்தச் சந்துக்காரர்கள் கடலோரத்திலிருந்து வந்தவர்கள். சும்மா வரவில்லை, கடல் துரத்தி வந்தார்கள். ஒரு மழைக்காலம் கடல் முன்வாசலை எடுத்தது, அடுத்த மழைக்காலம் அடுப்படியை எடுத்தது, அதற்கடுத்த வருஷம் தெருவையே காணோம். மேட்டுக்குப் போனார்கள். அங்கே ஆலை வருகிறது என்று எழுப்பினார்கள். இன்னோர் இடத்துக்குப் போனார்கள், அகலச் சாலை வருகிறது என்று எழுப்பினார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்து மதிலுக்குப் பின்னால் இந்தச் சந்தில் கொண்டுவந்து இறக்கி, தற்காலிகக் குடியிருப்பு என்று தகரத்தில் எழுதி மாட்டினார்கள். அந்தத் தகரம் துருப்பிடித்து விழுந்தே நாலு வருஷம் ஆகிறது. துளியக்காவுக்கு இங்கே வந்தபோது ஒரு வயதுக் கைக்குழந்தை. இப்போது அந்தப் பெண் ஏழாம் வகுப்பு.

குழாய் கிடையாது என்று சொன்னேன் அல்லவா? வாயைக் கழுவ வேண்டும். ஒரு குழாய் உண்டு. அதுதான் வம்பே.

வந்து இறங்கிய புதிதில், அன்றைக்கு இருந்த அதிகாரி குழாய் திறந்துவைக்க வந்தார். சந்தின் நடுவில் தனியாக ஒரு குட்டைச் சுவர் எழுப்பி, அதில் பளபளவென்று பித்தளைக் குழாய் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதிகாரி திருகினார், தண்ணீர் கொட்டியது, படம் எடுத்தார்கள். சந்து ஜனம் மொத்தமும் சுவருக்கு மறுபக்கம் நின்று இன்னொரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு முக்காலிமேல் உட்கார்ந்து இப்போதைய ஏஜென்ட், அப்போதுதான் மீசை முளைத்த இளைஞர், ஒரு வாளியிலிருந்து புனல் வழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். படம் எடுத்து முடிந்ததும் புனலையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாளியைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவி மனுஷன்.

அன்றிலிருந்து அந்தக் குழாயில் சந்துக்காரர்கள் பை மாட்டினார்கள், குடை மாட்டினார்கள். தையல்காரம்மா அளவு நாடாவை மாட்டினாள். குழாய் வேண்டும் என்று பதினான்கு மனு போட்டார்கள். பதினான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: "தங்கள் சந்துக்குக் குழாய் ஒன்று ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது." கூடவே அந்தப் படத்தின் நகலும் இருக்கும். ஒருமுறை சோதனை செய்வதற்கு ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் சுவருக்கு முன்னால் நின்று குழாயைப் பார்த்தார், தாளில் சரி போட்டார், கிளம்பினார்.

"ஐயா, ஒரு தடவை திருகிப் பாத்துட்டுப் போங்க" என்று மைக் வழியை மறித்தாள்.

"இருக்கான்னு பாக்கறதுதாம்மா என் வேலை. திருகறது வேற செக்‌ஷன்."

ஆகவே மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். காலை எட்டரைக்கு வந்தாலும் வரும், பத்துக்கு வந்தாலும் வரும், வராமலே போனாலும் போகும். வரிசையில் வீட்டுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். துளியக்காவும் மைக்கும் ஊருக்குப் புத்தி சொல்லப் போய்விடுவார்கள், லோடு வண்டி விடியும்போதே கிளம்பிவிடும். நிற்பது மகள்தான். முதல் பாடவேளை போய்விடும். அவளுடைய வருகைப் பதிவில் 'தாமதம்', 'தாமதம்' என்று சிவப்பு மையில் வரிசையாக இருக்கும். போன மாதம் துளியக்கா அந்தப் பள்ளிக்கூடத்திலேயே நாடகம் போட்டாள். வலை வழியாக ஏழாம் வகுப்பு வரிசையில் மகளின் செருப்பைத் தேடினாள். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு, ஆயிரத்தில் தெரியும். காணோம். தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் நாடகத்துக்கு அந்தப் பெண்ணால் வர முடியவில்லை, தண்ணீருக்காக நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத் துளியக்கா செத்தது கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தது என்று தலைமையாசிரியர் பாராட்டினார். உள்ளே அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம். அந்தப் பகுதி முழுக்கப் புதுக் குழாய் பதித்துக்கொண்டு வந்தார்கள். சந்து முனை வரைக்கும் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்து, சந்துக்குள் திரும்பாமல் நேராகப் போய்விட்டார்கள். பட்டியலில் இந்தச் சந்துக்கு நேராகத்தான் 'குழாய் உண்டு' என்று இருக்கிறதே! சனிக்கிழமை பள்ளத்தை மூடித் தார் போடப் போகிறார்கள். தார் போட்டால் ஐந்து வருஷத்துக்கு ரோட்டில் கடப்பாரை வைக்க யாருக்கும் அனுமதி கிடையாது. ஐந்து வருஷத்தில் மகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிடுவாள், சிவப்பு மையும் கையுமாக.

வியாழக்கிழமை அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் திறப்பு விழா. தலைமை அதிகாரியே வருகிறார். மேடை ஓரத்தில் புதுக் குழாய் ஒன்று நாடா கட்டி நின்றது. அது நிஜக் குழாய், நிஜத் தண்ணீர். ஏஜென்ட் காலையிலிருந்து வியர்த்து விறுவிறுத்து ஓடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா துளி, பெரியவருக்கு நேரம் இல்லையாம். இன்னைக்குச் சாவு வேணாம். நேராப் போயி அவர் கையப் புடிச்சு, குழாய்க்குக் கூட்டிட்டுப் போயிடு. புரியுதா?"

துளி தலையாட்டியது. அதாவது முழு உடம்பும் ஆடியது, கழுத்து என்று தனியாக ஒன்று அதற்குக் கிடையாது.

தலைமை அதிகாரி பேச ஆரம்பித்தார். நேரமில்லாதவர் நாற்பது நிமிஷம் பேசினார். ஸ்பாஞ்சுக்குள் துளியக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. லாரி ஐந்து நாளாக வரவில்லை, கிளம்பும்போது வீட்டில் இருந்த கடைசி அரை டம்ளரை மகளுக்கு வைத்துவிட்டு வந்திருந்தாள். அதிகாரி கடைசியாகக் குரலை உயர்த்தினார்.

"இன்று பெருமையோடு சொல்கிறேன். இந்தப் பகுதியில் குழாய் இல்லாத தெரு என்று ஒன்றுகூட இல்லை!"

கைதட்டல் எழுந்தது. துளியக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கோபத்தை நான் எழுதிக் காட்ட முடியாது, உச்சியில் இருந்த கூர்முனையே நடுங்கியது என்று மைக் பின்னால் சொன்னாள். இருநூற்றுப் பதினாறு தடவை செத்தவளுக்கு அன்றைக்குத்தான் நிஜமாகவே உயிர் வந்தது.

மேடைக்குப் போனாள். பளபளக்கும் கறுப்பு ஷூ, மடிப்புக் கலையாத கால்சட்டை, அதுதான் பெரியவர். வெள்ளைக் கையுறையை நீட்டினாள். அவர் சிரித்தபடி பிடித்துக்கொண்டார். கேமராக்காரர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். படி இறங்கியதும் குழாய் வலது பக்கம். துளி இடது பக்கம் திரும்பியது.

"அண்ணி" என்று மைக் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்ததே முன் வரிசைக்குக் கேட்டது. "அண்ணி, குழாய் இந்தப் பக்கம்!"

துளி இழுத்தது. பள்ளிக்கூட வாசலைப் பார்த்து இழுத்தது. வாசலுக்கு வெளியே பள்ளம், பள்ளத்தைத் தாண்டினால் சந்து. மைக் ஒரு நொடி வாயைப் பிளந்தாள். பிறகு, சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு விஷயம் மண்டையில் ஏற அந்த ஒரு நொடியே போதுமாக இருந்தது. ஒலிபெருக்கியைத் தூக்கினாள்.

"துளி நம்மள எல்லாம் குழாய்க்குக் கூட்டிட்டுப் போகுது! பிள்ளைங்களா, வரிசையா வாங்க! கேமரா அண்ணன்மாரே, பள்ளத்தைப் பாத்து வாங்க!"

எழுநூறு பிள்ளைகள் எழுந்தன. பாண்டு வாத்தியக் குழு எதற்கும் இருக்கட்டும் என்று வாசித்துக்கொண்டே பின்னால் வந்தது. தலைமை அதிகாரிக்கு இது நிகழ்ச்சியில் உண்டா இல்லையா என்று குழப்பம்தான். ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு தண்ணீர்த் துளியின் கையை, ஆறு கேமராவுக்கு முன்னால், எந்த அதிகாரி உதறுவார்? அவரும் சிரித்துக்கொண்டே வந்தார்.

பள்ளத்தருகே வந்தபோது ஏஜென்டுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எந்தக் குழாய்க்குப் போகிறார்கள் என்பது உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் முக்காலிமேல் உட்கார்ந்திருந்த மனுஷனுக்குத் தெரியாதா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறுக்கு வழியில் ஒரே ஓட்டம். சந்துக்குள் புகுந்தவர், முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அம்மா, ஒரு வாளி தண்ணி! அவசரம், ஒரே ஒரு வாளி!"

"லாரி அஞ்சு நாளா வரலையே சார்."

அடுத்த வீடு. கவிழ்த்து வைத்த குடங்களைக் காட்டினார்கள். அதற்கடுத்த வீடு. "நாங்களே உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தோம்" என்றார்கள். மனுஷன் குறுக்கும் நெடுக்கும் ஓடினார். வாளி வேண்டுமானால் ஒன்றுக்கு மூன்றாகக் கிடைத்தது. ஊற்றத்தான் ஒன்றுமில்லை. பத்து வீடு ஏறி இறங்கிவிட்டுத் தையல்காரம்மா வாசலில் வந்து நின்றபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு சொம்பாவது குடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

தையல்காரம்மா தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள். "அரை டம்ளர் டீ இருக்கு. ஆறிப்போச்சு. ஊத்தறீங்களா?"

பாண்டு வாத்தியம் சந்து முனையில் கேட்டது. ஏஜென்ட் காலி வாளியோடு சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். எதற்கு உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பழக்கதோஷம்.

துளி வந்தது, அதிகாரி வந்தார், ஊரே வந்தது. குட்டைச் சுவருக்கு முன்னால் துளி நின்று, குழாயில் தொங்கிய பையையும் குடையையும் அளவு நாடாவையும் ஒவ்வொன்றாக எடுத்து மைக்கிடம் கொடுத்தது. பிறகு கையைக் காட்டிப் பணிவாகக் குனிந்தது. திறந்துவைக்கலாம் என்று அர்த்தம்.

"அட, இங்கேயும் ஒரு குழாயா? ரொம்ப நல்லது" என்று அதிகாரி கேமராக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருகினார்.

ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். கிறீச்சென்று சத்தம் வந்தது. அழுத்தித் திருகினார். பதினோரு வருஷத் துரு, எவ்வளவு நேரம்தான் தாங்கும்? குழாய் கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் சுவரில் ஒரு வட்ட ஓட்டை. ஓட்டைக்கு மறுபக்கம் ஏஜென்டின் ஒரு கண்.

அந்தக் கண் அதிகாரியைப் பார்த்தது. அதிகாரி அந்தக் கண்ணைப் பார்த்தார். பாண்டு வாத்தியம் தானாக நின்றது.

"நீ அங்க என்னய்யா பண்றே?"

"சார்... தண்ணி... கெடைக்கல சார்" என்றது ஓட்டை.

எழுநூறு பிள்ளைகளும் வாய்விட்டுச் சிரித்தன. கேமராக்காரர்களில் இரண்டு பேர் சுவருக்குப் பின்னால் ஓடி வாளியோடு உட்கார்ந்திருந்தவரைப் படம் எடுத்தார்கள். அதிகாரி கையில் குழாயை வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவது, சட்டைப் பையிலா வைப்பது என்று தெரியாமல் நின்றார். சுருக்கமாக ஏதாவது சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடலாம் என்று அவர் திரும்பிய அந்த நேரம் பார்த்துத்தான் துளி நெஞ்சில் கைவைத்தது.

தள்ளாடியது. ஒரு சுற்று சுற்றியது. பொத்தென்று அவருடைய பளபளக்கும் ஷூவுக்கு முன்னால், சந்தின் வழியை முழுசாக அடைத்துக்கொண்டு விழுந்தது. ஒரு கை மட்டும் கடைசியாக எழுந்து காற்றைத் திருகப் போனது. திருகுவதற்கு ஒன்றும் இல்லாததுபோல் விரித்துக் காட்டிவிட்டு விழுந்தது. அந்த விரித்த கை புதுசு. அதற்கு முந்தின எந்தச் சாவிலும் அது கிடையாது.

"துளி செத்துப்போச்சு!" என்று மைக் ஒலிபெருக்கியில் ஓலமிட்டாள். "தண்ணியே இல்லாத சந்துல தண்ணியே செத்துப்போச்சு! பிள்ளைங்களா, துளிக்கு எப்ப உயிர் வரும்?"

நாடகம் தெரிந்த பிள்ளைகள். ஒரே குரலில் கத்தின: "விருந்தினர் சத்தியம் பண்ணாத்தான் வரும்!"

அதிகாரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "குழாயை மூடுவேன்" என்றார், அவசரமாக.

"கையில இருக்கிறத எப்படி சார் மூடுவீங்க?" என்றாள் மைக்.

சிரிப்பு அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. துளி அசையவில்லை. உள்ளே துளியக்காவுக்கு நடிப்பு போய்ப் பயம் வந்திருந்தது. வேலை போயிற்று என்பது தெரிந்துவிட்டது. சரி, போனது போயிற்று, இனிமேல் எழுந்தால் வேலை, குழாய் இரண்டும் போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். விலாவில் ஒரு கல் வேறு குத்தியது. வலை வழியாகக் கறுப்பு ஷூ தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், வார் அறுந்து ஊக்கு குத்திய ஒரு செருப்பும் வந்து நின்றது.

"சார்" என்றாள் மகள். "சனிக்கிழமை தார் போடப் போறாங்க சார். போட்டுட்டா அம்மா எந்திரிக்கவே மாட்டாங்க."

அதிகாரி துளியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், ஆறு கேமராவையும் பார்த்தார். "குழாய் போட்டுத் தருகிறோம்" என்றார்.

துளி கிடந்தது.

"எப்போன்னு துளி கேக்குது சார்" என்றாள் மைக்.

"ஆவன செய்யப்படும்."

துளி கிடந்தது. தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "நல்லாவே செத்துட்டா போல இருக்கே" என்றாள்.

"சரி சரி, தார் போடறதுக்கு முன்னாடி. நாளைக்கே ஆள் வருவாங்க. போதுமா?" அதிகாரிக்கு மேடைத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "நாளைக்கே. சத்தியமா."

துளியின் ஒரு கால் மெல்ல ஆடியது. வெள்ளைக் கையுறையில் கட்டைவிரல் நிமிர்ந்தது. பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தின. மைக்கும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள், எழுப்ப முடியவில்லை. தலைமை அதிகாரியும் குனிந்து ஒரு கை கொடுத்தார். மறுநாள் பத்திரிகையில் வந்த படம் அதுதான்.

அன்று மாலையே துளியக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏஜென்ட் மேஜைக்குப் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குழாய்க்குத்தானே கூட்டிட்டுப் போகச் சொன்னேன்?"

"குழாய்க்குத்தானே சார் கூட்டிட்டுப் போனேன்? என் கண்ணு வாயில இருக்கு. வலது எது, இடது எதுன்னு எனக்கெங்க தெரியுது?"

"நாளையிலேருந்து வராதே."

அவள் வரவில்லை. ஏஜென்ட் ஆறடியில் ஒருவனைப் பிடித்து உடுப்பில் நுழைத்தார். துளி முழங்காலோடு நின்றுவிட்டது, கீழே உரோமக் கால் இரண்டு. முதல் நிகழ்ச்சியிலேயே சின்னக் குழந்தைகள் அலறி அடித்துக்கொண்டு ஓடின. பதினைந்தாம் நாள் ஏஜென்டே சந்துக்கு வந்தார், வாளியில்லாமல். "ஏம்மா, உள்ள வேற யாரும் பொருந்த மாட்டேங்கறாங்க" என்றார். துளியக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவரை வாசலில் நிற்கவைத்து இரண்டு பாத்திரம் துலக்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வெள்ளிக்கிழமை ஆள் வந்தார்கள், நிஜமாகவே வந்தார்கள். பள்ளத்திலிருந்து சந்துக்குள் குழாய் இழுத்து, அதே குட்டைச் சுவரில், அதே ஓட்டையில் புதுக் குழாய் மாட்டினார்கள். சனிக்கிழமை காலை தண்ணீர் விட்டார்கள். சந்தே குடமும் கேனுமாகத் திரண்டது. துளியக்காதான் திறக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அதெல்லாம் முடியாது, வரிசை என்றால் வரிசைதான் என்று தையல்காரம்மா சண்டைக்கு வந்தாள். துளியக்காவும் அதுதான் நியாயம் என்று ஒன்பதாவது ஆளாகப் போய் நின்றாள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் விட்டாள்.

தையல்காரம்மா குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, பேச்சு சுவாரஸ்யத்தில் குழாயைச் சரியாகத் திருகாமல் நடந்துவிட்டாள். அடுத்த ஆள் குடத்தைக் கழுவப் போயிருந்தாள். குழாய் சொட்டியது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

துளியக்காவின் கை தானாக எழுந்து காற்றில் திருகியது. ஐந்து வருஷப் பழக்கம். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது: உடுப்பு இல்லை, வலை இல்லை, வாய் வாயிருக்கிற இடத்தில் இருக்கிறது. இருநூற்றுப் பதினேழு சாவிலும் சொல்ல முடியாததைத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏய்! குழாயை மூடிட்டுப் போடீ!"

சந்து மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மைக்கே ஆடிப்போய்விட்டாள், அண்ணிக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்குத் தெரியாது. தையல்காரம்மா திரும்பி வந்து குழாயை இறுக்கி மூடினாள். அப்புறம் வேண்டுமென்றே கொஞ்சம் திறந்துவிட்டு, "எங்க, இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

துளியக்கா இன்னொரு தடவை சொன்னாள்.